உடலை அறிதலும் உடலைக் காத்தலும்

ஒரு சந்தேகம்

எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, மனித தேகத்தின் ஜீரண மண்டலத்தை அழகாக வரைந்து, வாய் முதல் மலக்குடல் வரை ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தொழிலையும் பிழையின்றி எழுதி, பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதே வாரத்தில் அவளுடைய இரண்டு வயதுத் தம்பிக்குப் பேதி கண்டு, விடிந்ததிலிருந்து ஆறேழு தடவை தண்ணீராகவே போய், குழந்தை துவண்டு கிடக்கிறான். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே" என்கிறார் பாட்டி. பக்கத்துக் கடையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று வந்து சேருகிறது. அதை எத்தனை தண்ணீரில் கரைப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்பதில் அங்கே ஒருவருக்கும் நிச்சயமில்லை. சிறுகுடலின் நீளத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அந்த மாணவியும் எல்லோரோடும் சேர்ந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் உடலைப் பற்றி இவ்வளவு படித்த பிள்ளைக்கு வீட்டில் ஓர் உடல் நோயுறும்போது ஏன் ஒன்றும் தோன்றுவதில்லை என்ற சந்தேகம் பெற்றோர் பலருக்கும் வந்திருக்கும். குறை மாணவியின் ஞாபகசக்தியில் இல்லை. அவள் உபாத்தியாயரின் உழைப்பிலும் இல்லை. உடலை அறிவது ஒரு வித்தை. உடலைக் காப்பது அதனோடு தொடர்புடையதாயினும் வேறொரு வித்தை. முன்னதைக் கற்றால் பின்னது தானே வந்துவிடும் என்று நாம் நெடுங்காலமாக எண்ணிக்கொண்டிருந்ததே இந்த நிலைக்குக் காரணம்.

மூன்று படிகள்

உடல் நலம் பற்றிய செய்திகளைத் தேடிப் பெறவும், அவற்றின் பொருளை உணரவும், மெய் பொய் ஆராயவும், சமயத்தில் காரியத்தில் கொண்டுவரவும் ஒருவருக்குள்ள திறமை முழுவதையும் இந்நூலில் 'நலவறிவு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவோம். இக்கருத்துக்குப் பெயர் சூட்டி வழங்கியவர்களில் முதல்வராகக் கருதப்படுபவர் அமெரிக்க சுகாதாரக் கல்வியாளரான ஸ்காட் சைமண்ட்ஸ். 1974-ல் அவர் எழுதிய கட்டுரையின் கோரிக்கையே, பள்ளியின் ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்வளவு நலவறிவு கட்டாயம் வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பதுதான். ஆகவே நலவறிவு என்ற எண்ணம் ஆரம்பத்திலேயே மருத்துவமனையை நோக்காமல் வகுப்பறையை நோக்கிப் பிறந்த எண்ணம் என்று சொல்லலாம்.

டான் நட்பீம் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இதை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படித்து அதன்படி நடப்பது முதற்படி. அறிந்ததைப் பிறரிடம் எடுத்துச் சொல்லவும், கேட்க வேண்டியதை மருத்துவரிடம் கேட்கவும், குடும்பத்தைத் தன்னோடு இணங்கச் செய்யவும் வல்லமை பெறுவது இரண்டாம் படி. தனக்குச் சொல்லப்படுவது உண்மைதானா, சொல்பவருக்கு அதனால் என்ன லாபம் என்று ஆராய்ந்து தெளிவது மூன்றாம் படி. இம்மூன்றும் எவ்வாறு வேறுபடுகின்றன, ஒவ்வொன்றும் ஏன் தனித்தனியே பயிற்றப்பட வேண்டும் என்பதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிராமல், மேலே கண்ட பேதியையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதை இறுதிவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

பேதியில் நடப்பது என்ன?

நாம் ஒரு நாளில் பருகும் நீர் சுமார் 2 லிட்டர் என்றால், உமிழ்நீர், பித்தநீர் முதலிய உருவங்களில் உடலே குடலுக்குள் சுரந்து விடுவது ஏறக்குறைய 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். மற்றதெல்லாம் குடற்சுவரால் உறிஞ்சப்பட்டு மீண்டும் இரத்தத்தைச் சேர்கிறது. பேதியில் இந்தக் கணக்குப் பிறழ்ந்துவிடுகிறது. சுரப்பு பெருகுகிறது, உறிஞ்சல் குறைகிறது, நீரோடு உப்புகளும் ஓடிப்போகின்றன. காலராவின் உச்சநிலையில் வளர்ந்த மனிதர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் இழக்கக்கூடும். பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேராகச் செய்யும் தீங்கைக் காட்டிலும் இந்த நீரிழப்பேயாகும். தண்ணீரை நிறுத்திவிட்டால் போக்கு நிற்பதுபோலத் தோன்றலாம். உண்மையில் போவதற்கு உடலில் நீர் மிச்சமில்லை என்பதே அதன் பொருள்.

சரி, வெறும் தண்ணீரையே நிறையக் கொடுத்தால் போதாதா என்றால், நோயுற்ற குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. நீர் தனியே செல்வதில்லை; சோடியம் என்னும் உப்புக்கூறு எங்கே போகிறதோ அங்கே அதைப் பின்தொடர்ந்து செல்வது அதன் இயல்பு. அந்தச் சோடியத்தைக் குடலிலிருந்து உடலுக்குள் ஏற்றிச் செல்ல ஒரு மார்க்கம் உண்டு என்பதை, 1960-ல் பிராக் நகரில் கூடிய விஞ்ஞானிகளின் சபையில் ராபர்ட் கிரேன் என்பவர் விளக்கினார். குடற்சுவரின் உயிரணுக்களில் உள்ள ஒருவகைப் புரதம் ஆற்றைக் கடத்திவிடும் பரிசல்காரனைப் போன்றது. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை தனியாக வந்தால் ஏற்றாது. சோடியம் தனியாக வந்தாலும் ஏற்றாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பரிசல் நகரும். இதனைக் 'கூட்டுக் கடத்தல்' என்போம். காலராவின் விஷம் குடலில் எத்தனையோ ஒழுங்குகளைக் குலைத்தாலும் இந்த ஒரு மார்க்கத்தைக் குலைப்பதில்லை என்பதுதான் மானிட ஜாதியின் நல்லதிர்ஷ்டம். உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கரைந்த நீரை (ஓ.ஆர்.எஸ். என்பது இதுவே) குடிக்கக் கொடுத்தால், பேதி நடந்துகொண்டிருக்கும்போதே உடல் அதை ஏற்றுக்கொள்கிறது.

மருந்து கைமாறிய கதை

1968-ல் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் காலரா நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து, இரத்தநாளத்தின் வழியே ஏற்றும் திரவத்தின் தேவையை இது மிகவும் குறைத்துவிடுவதைக் காட்டினார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், 1971-ல், வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்துப் போங்காவ்ன் முகாமில் குவிந்தார்கள், காலரா பரவியது, ஏற்றுவதற்கான திரவமோ தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணிபுரிந்த டாக்டர் திலீப் மஹலானபிஸ், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் ஆப்பச்சோடா என்ற கணக்கில் பொட்டலம் கட்டச் செய்து, பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் மொண்டு புகட்டச் சொன்னார். அதற்குமுன் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே மரணம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இந்தச் சரித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, சிகிச்சை யாருடைய கையில் இருந்தது என்ற ஒரு விஷயமே. ஊசியும் குழாயும் மருத்துவரின் கையில் இருந்தன. குவளையோ தாயின் கைக்கு, தமக்கையின் கைக்கு, அண்டைவீட்டாரின் கைக்கு வந்துவிட்டது. ஒரு சிகிச்சை குடும்பத்தாரின் கைக்கு மாறிய அந்தக் கணமே அது மருத்துவத்தின் பிரச்சினையாக மட்டும் இராமல் கல்வியின் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில், அந்தக் கைக்கு அளவு தெரிய வேண்டும்.

ஒரு பொட்டலம், எத்தனை தண்ணீர்?

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் சமையலுப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக 20.5 கிராம் இருக்கிறது. இதை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அவ்வாறு கரைத்தால், கரைந்துள்ள துகள்களின் செறிவு, மருத்துவர்கள் வழங்கும் அலகில், 245 ஆகிறது. நம் இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 290. கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்திருப்பதால், குடலிலிருந்து இரத்தத்தை நோக்கி நீர் எளிதாகச் செல்கிறது.

இப்போது, அவசரத்திலும் அறியாமையிலும், அதே பொட்டலத்தை 200 மில்லிலிட்டர் பிடிக்கும் டம்ளர் ஒன்றில் கொட்டிக் கலக்கிவிட்டால் என்ன ஆகும்? நீர் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது; செறிவு ஐந்து மடங்காகி, 1225-ஐ எட்டுகிறது. நீர் எப்போதும் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கே மெல்லிய சவ்வைக் கடந்து செல்லும் என்பது மாணவர்கள் 'சவ்வூடு பரவல்' என்ற பெயரில் படிக்கும் விதி. ஆகவே இரத்தத்திலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது, பேதி மிகுகிறது, உப்பு இரத்தத்தில் ஏறினால் மூளைக்கே அபாயம் நேரிடலாம். உயிர் காக்கும் பொருள் அளவு பிசகியதனால் தீங்கு செய்கிறது. மறுபுறம், ஒரு பொட்டலத்தை இரண்டு லிட்டரில் கரைத்துவிட்டாலோ சோடியமும் சர்க்கரையும் போதாமல் கரைசல் வலுவிழந்துவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மருந்துக் கடைகளில் ஒரு லிட்டருக்கான 21 கிராம் அளவுள்ள பொட்டலமும், 200 மில்லிலிட்டருக்கான சுமார் 4 கிராம் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே விற்கப்படுகின்றன. "ஓ.ஆர்.எஸ். கொடு" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்திருப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். பொட்டலத்தைத் திருப்பி, எழுத்தைப் படித்து, ஒரு லிட்டர் கொள்ளும் தண்ணீர்ப் புட்டியால் அளந்து, சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட பிராயத்துக் குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறுகச் சிறுகப் புகட்டி, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுபவரே காரியம் அறிந்தவர். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது கணக்கு. கரண்டியைக் குவித்து அள்ளினால் அங்கேயும் கணக்கு கெடும். இந்த நிதானத்தை எந்தப் பாடப் புத்தகமும் வாசிப்பின் மூலம் மட்டும் தந்துவிட முடியாது. கை பழகியே தீர வேண்டும்.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில்

கையைப் பழக்குவது எப்படி என்பதை உலகுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது வங்கதேசம். அந்நாட்டின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை, கிராமங்களில் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, உப்பும் வெல்லமும் கரைத்த நீரைத் தயாரிக்கும் முறையை 1.2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் கற்பித்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, கையால் அள்ளிய வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று வீட்டிலேயே கிடைக்கும் அளவுகோல்களை அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஊழியர் செய்து காட்டுவதோடு நிற்காமல், தாயே தன் கையால் தயாரித்துக் காட்டும்படி செய்தார்கள்.

இவற்றையெல்லாம்விட அதிசயமானது அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. பாடம் நடந்து சில வாரங்கள் கழிந்தபின், வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, அந்தத் தாய்மார்களுக்கு எத்தனை குறிப்புகள் ஞாபகம் இருக்கின்றன என்று விசாரித்து, அவர்கள் கரைத்த நீரின் மாதிரியையும் எடுத்துப் பரிசோதிப்பார். அந்த முடிவைப் பொறுத்தே கற்பித்த ஊழியரின் ஊதியம் கூடும் அல்லது குறையும். உபாத்தியாயர் எவ்வளவு பேசினார் என்பது கணக்கில் வரவில்லை. கற்றவர் என்ன செய்கிறார் என்பதே கணக்கில் வந்தது. இவ்வளவு செய்தும் தொடக்கத்தில், கரைசலைத் தயாரிக்கத் தெரிந்த தாய்மார்களிலேயே பலர் குழந்தைக்குப் பேதி வந்தபோது அதைப் பயன்படுத்தவில்லை. ஆராய்ந்தபோது, வீட்டு ஆண்களுக்கு இது பற்றி ஒன்றும் தெரியாதிருந்ததும், ஊழியர்களுக்கே இதில் முழு நம்பிக்கை பிறவாதிருந்ததும் வெளிப்பட்டன. செய்யத் தெரிவது ஒன்று, செய்யத் துணிவது மற்றொன்று. பின்னதற்குச் சுற்றியிருப்போரின் சம்மதமும் தன் மனத்தின் உறுதியும் வேண்டும். நட்பீம் கூறிய இரண்டாம் படி இதுவே.

பாட்டியிடம் பேசும் திறமை

நம் மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். "நீங்கள் சொல்வது மூடநம்பிக்கை" என்று பாட்டியிடம் அவள் சொல்லிவிட்டால், விஞ்ஞானம் அவள் பக்கம் இருந்தாலும் குவளை அவள் கைக்கு வராது. அவள் இன்னும் கொஞ்சம் கற்றிருந்தால், பாட்டியின் சம்பிரதாயத்திலேயே தனக்குத் துணை இருப்பதைக் கண்டுகொள்வாள். உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் பேதிக்கு ஏற்ற வீட்டுப் பானம் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அரிசியின் மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக மாறிச் சோடியத்துக்குத் துணைபோகிறது. எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மாவுப்பொருளை ஓ.ஆர்.எஸ்.ஸுடன் சேர்த்தால் காலராப் பேதி விரைவில் அடங்குகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் 2000-ல் நிறுவிக் காட்டினார்கள். ஆகவே, "பாட்டி, நீங்க வைக்கிற உப்புக் கஞ்சித்தண்ணி நல்லதுதான்னு டாக்டர்களே சொல்றாங்க; அதையும் கொடுப்போம், இதையும் கரைச்சுக் கொடுப்போம்" என்று அவள் தொடங்கலாம். இப்படிப் பேசுவது பிறவிச் சாமர்த்தியம் என்று நாம் நினைக்கிறோம். வகுப்பில் ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் பேத்தியாகவும் நடித்துப் பழகினால் வந்துவிடக்கூடிய பயிற்சிதான் அது.

எழுத்தைச் சந்தேகிக்கும் விவேகம்

மூன்றாம் படி இன்னும் நுட்பமானது. அண்மைக்காலம் வரை நம் நாட்டில், மருத்துவ அளவுக்குப் பன்மடங்கு மேற்பட்ட சர்க்கரை கொண்ட பழச்சுவைப் பானங்கள் சில, தம் பெட்டியின் மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைத் தாங்கி, மருந்துக் கடைகளிலேயே விற்பனையாகி வந்தன. சர்க்கரை மிகுந்தால் செறிவு மிகும்; செறிவு மிகுந்தால் நேர்வதை மேலே கணக்கிட்டே பார்த்தோம். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாது போராடியதன் பின், 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவ்வாறு பயன்படுத்தக் கூடாதென்று உத்தரவிட்டது. அந்தப் பெட்டிகளை வாங்கிய பெற்றோர் எழுத்தறியாதவர்கள் அல்லர். முன்பக்கத்தைப் படித்தார்கள், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படித்து ஒப்பிடும் பழக்கம் அவர்களுக்கு ஏற்படுத்தப்படவில்லை. சட்டம் ஒரு பெயரைத் தடுத்தால் நாளை வேறொரு பெயர் வரும். ஒப்பிட்டுப் பார்க்கக் கற்ற கண் எந்தப் பெயருக்கும் ஏமாறாது.

ஏன் பள்ளிக்கூடம்?

இவற்றையெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். மருத்துவமனைக்கு மனிதர் வருவது கலக்கத்தில். கலங்கிய மனம் புதியதைக் கிரகிப்பதில்லை. பள்ளிக்கூடமோ ஆபத்து வருவதற்கு முன்பே, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லாரும் ஆண்டுக்கணக்கில் கூடும் ஒரே இடம். தவறாகச் செய்து, திருத்திக்கொண்டு, மீண்டும் செய்து பார்க்க அவகாசமுள்ள இடம். இளமையில் பழகியது நெடுநாள் நிற்கிறது. பிள்ளை கற்றது வீட்டுக்கும் போய்ச் சேருகிறது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பிள்ளைகளிடம் இருப்பதை உணர்ந்து, லண்டனில் டேவிட் மோர்லி முதலானோர், 1979-ன் சர்வதேசக் குழந்தைகள் ஆண்டை ஒட்டி, 'குழந்தையிலிருந்து குழந்தைக்கு' என்ற இயக்கத்தையே தொடங்கினார்கள்.

பேதி மட்டுமல்ல, வேறு திறன்களிலும் இதன் பலன் தெரிகிறது. டென்மார்க்கில் 2005-ல், திடீரென்று நின்றுவிட்ட இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முதலுதவிப் பயிற்சி தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்டது. வாகனம் ஓட்ட உரிமம் பெறுவோருக்கும் விரைவில் அது கட்டாயமாயிற்று. 2001-ல், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று வீழ்ந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தோர் அந்த முதலுதவியைச் செய்தார்கள். 2010-ல் அது ஏறத்தாழ 45 ஆயிற்று. முப்பது நாள் கடந்தும் உயிரோடிருந்தவர்களின் விகிதம் 3.5-லிருந்து 10.8 ஆக உயர்ந்தது. ஆம்புலன்ஸ் வசதியும் மருத்துவமும் அக்காலத்தில் முன்னேறியதால் இப்பலன் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கே உரிமையாக்குவது முறையன்று. ஆயினும் உதவ நீண்ட கைகள் இரட்டித்தன என்பதில் பயிற்சியின் பங்கு பெரிது.

எல்லையும் கடமையும்

பிள்ளைகளைச் சிறு மருத்துவர்களாக்குவது இதன் நோக்கமன்று. எப்போது நம் கையை மீறிவிட்டது என்று அறிவதும் ஒரு திறனே: கண்கள் குழிவிழுதல், கிள்ளி விட்ட தோல் மெல்லத் திரும்புதல், குடிக்கவே இயலாமை, ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறே, குழாயில் சுத்தமான நீரும் பள்ளியில் கழிப்பறையும் இல்லாத ஊரில், கை கழுவும் பாடத்தை மட்டும் நடத்திவிட்டு நோய்க்குப் பிள்ளைகளின் அறியாமையே காரணம் என்று சொல்வது அநியாயம். நலவறிவு அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாகாது. அந்தக் கடமையைக் கேட்டுப் பெறும் பிரஜைகளை அது உருவாக்கும்.

1982-ல் வெளியான மதிப்பீட்டின்படி பேதியினால் ஆண்டுதோறும் 46 லட்சம் குழந்தைகள் மாண்டார்கள். இன்று அத்தொகை 5 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சுத்தமான நீர், தடுப்பூசி, நல்ல ஆகாரம் ஆகியவற்றோடு இந்த எளிய கரைசலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனாலும், 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. விலை மலிவு, எங்கும் கிடைக்கிறது, சூத்திரம் உலகறிந்தது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அதற்கும் இடையே நிற்பது பெரும்பாலும் அறிவும் பழக்கமுமே.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றி, பதினொரு தலைப்புகளில் நலப் பாடங்களை நடத்தும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஏற்பாடு நன்று. அதன் வெற்றியை எத்தனை வகுப்புகள் நடந்தன என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. வங்கதேசத்தார் செய்தது போல, சில வாரம் கழித்து மாணவர் கையில் ஒரு பொட்டலத்தையும் ஒரு பாத்திரத்தையும் கொடுத்து, கரைத்துக் காட்டச் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் கேட்டுக்கொள்வது இவ்வளவே: ஜீரண மண்டலப் பாடம் முடிகிற அன்று, படம் வரையும் பரீட்சையோடு இந்தப் பரீட்சையையும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பொட்டலத்தின் விலையும் அரைமணி நேரமுமே.